ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய தங்கைகள், பக்கத்து வீட்டு அத்தையின் மகன் என்று யார் கேட்டாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்போது ஏதாவது விட்டுப்போகிறது என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். தமிழ்நாட்டில் எஞ்சினியரிங்கோ பிஎஸ்சியோ முடித்துவிட்டு ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க நினைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. தொகைகளும் விதிகளும் மாறுகிறவை, அதனால் பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் தூதரகத்தின் பக்கத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ஜெர்மனில படிப்பு ஃப்ரீன்னு சொல்றாங்களே, நிஜமா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நிஜம்தான். டியூஷன் ஃபீஸ் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் கட்ட வேண்டும், ஊரைப் பொறுத்து 100 யூரோவிலிருந்து 400 யூரோ வரை இருக்கும், பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடெல்பெர்க் எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டர் முதல் வசூலிக்க ஆரம்பித்துவிட்டது, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. தனியார் கல்லூரிகளின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே ஃப்ரீ என்ற பேச்சே இல்லை.

அப்ப மொத்தமா எவ்வளவு ஆகும்? வீட்ல ஒரு நம்பர் கேக்குறாங்க.

விசாவுக்கு முன்பே பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே பன்னிரண்டு லட்சத்துக்குப் பக்கம். இது ஃபீஸ் இல்லை, உங்கள் பணம்தான். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும்.

சின்ன ஊரில் ஒரு மாதம் எப்படிப் போகும் என்று பாருங்கள். ஹாஸ்டல் அறை 300, ஹெல்த் இன்சூரன்ஸ் 145 சொச்சம், சமைத்துச் சாப்பிட்டால் மளிகை 180 முதல் 200, போன் 10, செமஸ்டர் தொகையை மாதத்துக்குப் பிரித்தால் 50. அப்புறம் வீட்டுக்கு வீடு கட்டாயமாக வசூலிக்கும் ஒலிபரப்புக் கட்டணம் 18.36 யூரோ, அறை நண்பர்கள் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆக 700, 750-க்குள் அடங்கும். இதே கணக்கு மியூனிக்கில் வாடகையிலேயே இடிந்துவிடும். படிப்பு இரண்டு வருடம் என்று போட்டிருந்தாலும் மூன்று வருடம் ஆவது இங்கே சாதாரணம். அதனால் வீட்டில் இருபத்தைந்து லட்சம் என்று சொல்லிவையுங்கள், பார்ட் டைம் வேலை கிடைத்தால் அதில் குறையும்.

யூகே, கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, இதுல எது பெஸ்ட்?

உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. யூகேயில் ஒரே வருடத்தில் மாஸ்டர்ஸ் முடிந்துவிடும், ஆங்கிலம் போதும், ஆனால் ஃபீஸ் அதிகம், படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேடும் காலமும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. கனடா 2024-இலிருந்து மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. அமெரிக்காவில் எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு மூன்று வருடம் வரை வேலை அனுமதி உண்டு, அதற்குப் பிறகு எச்1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல்.

இந்த மூன்றிலும் பணம் கொடுத்து நேரத்தை வாங்குகிறீர்கள். ஜெர்மனியில் பணம் மிச்சமாகும், அதற்குப் பதிலாக நேரத்தையும் ஒரு புது மொழியையும் கேட்பார்கள். ஒரு வருடம் உட்கார்ந்து ஜெர்மன் படிக்க மனசு இல்லை என்றால், ஃபீஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வராதீர்கள். நான் யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

ஐஇஎல்டிஎஸ் 7 இருக்கு. அது போதாதா? கோர்ஸ் இங்கிலீஷ்லதானே?

அட்மிஷனுக்குப் போதும். பெரும்பாலான ஆங்கில மாஸ்டர்ஸுக்கு 6.5 கேட்பார்கள். வகுப்பறைக்கு வெளியே கதை வேறு. வீட்டு ஓனர், டாக்டர், நகராட்சி அலுவலகம், சூப்பர் மார்க்கெட்டில் பார்ட் டைம் வேலை என்று எல்லாமே ஜெர்மனில்தான் நடக்கும். மென்பொருள் துறையில் ஆங்கிலத்தை வைத்து வேலை வாங்கியவர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் என்றால் ஜெர்மனில் பி1, பி2 (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிக்கொண்டே போகும் மொழி நிலைகள்) இல்லாமல் இன்டர்வியூவே வருவது அரிது.

விமானம் ஏறும் முன் ஏ2 முடித்துவிடுங்கள், முடிந்தால் பி1. சென்னையில் நுங்கம்பாக்கத்தில் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, ஆன்லைன் வகுப்பும் உண்டு. அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் முதல் செமஸ்டரின் பாடச் சுமையில் நேரமே கிடைக்காது. நான் பார்த்தவரை அப்படிச் சொல்லிவிட்டு வந்தவர்களில் பலர் இரண்டாவது வருடத்திலும் ஏ1-லேயே நிற்கிறார்கள், திறமையான பிள்ளைகள் அவர்கள், அதுதான் வருத்தம்.

எனக்கு 7.2 சிஜிபிஏ, நாலு அரியர் இருந்துச்சு. எல்லாம் கிளியர் பண்ணிட்டேன். கிடைக்குமா?

கிடைக்கும், பட்டியலைச் சரியாகப் போட்டால். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 பாஸ். நம் மதிப்பெண்ணை மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: அதிகபட்சத்திலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 10, பாஸ் 5 என்றால் உங்கள் 7.2 கிட்டத்தட்ட 2.7 ஆகிறது. 7.5 இருந்தால் 2.5, 8 இருந்தால் 2.2.

பல கோர்ஸ்கள் 2.5 என்று கோடு போட்டிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். 3.0 வரை எடுப்பவையும், எல்லை சொல்லாமல் பாடங்களை மட்டும் பார்ப்பவையும் நிறைய இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் பாஸ் மதிப்பெண் என்ன என்பதை மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தில் பாருங்கள், 4 என்றால் கணக்கு உங்களுக்குச் சாதகமாக மாறும். கிளியர் செய்த பழைய அரியரால் மட்டும் கதவு மூடிவிடாது.

மெக்கானிக்கல் முடிச்சிட்டு டேட்டா சயின்ஸ் எடுக்கலாமா?

பெரும்பாலும் ரிஜெக்ட் ஆவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜெர்மன் பல்கலைக்கழகம் பார்ப்பது உங்கள் டிகிரியின் பெயரை அல்ல, அதற்குள் என்ன படித்தீர்கள் என்பதை. கோர்ஸின் சேர்க்கை விதிகளில் கணிதம் இத்தனை ஈசிடிஎஸ், புரோகிராமிங் இத்தனை, புள்ளியியல் இத்தனை என்று எழுதியிருப்பார்கள். ஈசிடிஎஸ் என்பது அவர்களுடைய கிரெடிட், வருடத்துக்கு 60, நான்கு வருட பிஇ என்றால் 240.

உங்கள் மார்க்‌ஷீட்டை எடுத்து வையுங்கள். மொத்த கிரெடிட் 160 என்றால், நம் ஒரு கிரெடிட் அவர்களுடைய ஒன்றரை. நான்கு கணிதத் தாள், தாளுக்கு 4 கிரெடிட், மொத்தம் 16, அதாவது 24 ஈசிடிஎஸ். கணிதம் 20 கேட்கிற இடத்தில் தாண்டிவிட்டீர்கள். அடுத்து புரோகிராமிங்குக்கு வாருங்கள்: முதல் வருடத்தில் ஒரே ஒரு பைதான் தாளும் லேபும், மிஞ்சிப்போனால் 8 ஈசிடிஎஸ். அவர்கள் 30 கேட்டால் அங்கேயே முடிந்தது, ஆன்லைன் சான்றிதழ்கள் பத்து வைத்தாலும் பொதுவாக அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக மெக்கட்ரானிக்ஸ், கம்ப்யூட்டேஷனல் எஞ்சினியரிங், ரோபாட்டிக்ஸ் மாதிரி இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோர்ஸ்களைப் பாருங்கள், அங்கே உங்கள் மெக்கானிக்கல் பலமாகவே நிற்கும். எந்தக் கோர்ஸ் எங்கே இருக்கிறது என்று தேட டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையத் தளம் போதும், ஃபீஸ், மொழி, கடைசித் தேதி என்று வடிகட்டிப் பார்க்கலாம்.

பிளஸ் டூ முடிச்சதும் நேரா பேச்சலர்ஸுக்குப் போக முடியுமா?

வெறும் பிளஸ் டூ மார்க்கை வைத்து நேரடியாக முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் அதே துறையில் படித்துத் தேறியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஜெர்மனியில் ஸ்டூடியென்கோலெக் என்ற ஆயத்தப் படிப்பில் சேர்ந்து பரீட்சை எழுத வேண்டும். தவிர பேச்சலர்ஸ் பெரும்பாலும் ஜெர்மனில்தான். என்னைக் கேட்டால் டிகிரியை இந்தியாவிலேயே முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு வருவது நல்லது.

கன்சல்டன்சில ஃப்ரீயா எல்லாம் பண்ணித்தரேன்னு சொல்றாங்க, போகலாமா?

ஃப்ரீ என்றால் காசு வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். பொதுவாக அது தனியார் கல்லூரி தரும் கமிஷன். அதனால்தான் அவர்கள் கொடுக்கும் பட்டியலில் தனியார் பெயர்களே வரிசையாக இருக்கும், உங்கள் மார்க்குக்கு அரசுப் பல்கலைக்கழகம் கிடைக்காது என்று பயமுறுத்தவும் செய்வார்கள். மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பேச்சைக் கேளுங்கள்.

விண்ணப்பம் போடுவது கடினமான வேலை இல்லை, பொறுமையான வேலை. பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக வாங்கும், முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்ததற்கு 30 யூரோ. நேரடியாக வாங்குகிறவர்களில் பலர் கட்டணமே கேட்பதில்லை. நோக்கக் கடிதத்தையும் நீங்களே எழுதுங்கள், ஏஜென்சி எழுதிக்கொடுக்கும் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில்தான் இருக்கும்.

ஏபிஎஸ்னா என்ன? அதை எப்ப ஆரம்பிக்கணும்?

உங்கள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க்‌ஷீட்டெல்லாம் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ். 2022 நவம்பரிலிருந்து இந்தியாவில் படித்தவர்களுக்கு மாணவர் விசாவுக்கே இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். கடைசி வருடத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களும் போடலாம்.

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஏபிஎஸ்ஸுக்கும் ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும் போட்டுவிடுங்கள். கடைசித் தேதி ஜூலை 15 என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் ஆங்கில மாஸ்டர்ஸ் பல மார்ச்சிலும் மே மாதத்திலுமே மூடிவிடும். ஜூலையில் அட்மிஷன் வந்து செப்டம்பருக்குள் விசா வாங்குவதும் நிச்சயமில்லாத ஓட்டம்.

பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு. மார்க்‌ஷீட்ல இனிஷியல் மட்டும்தான். பிரச்சினையா?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற தலைவலி. ஜெர்மனியில் குடும்பப் பெயர் என்ற கட்டம் இல்லாத படிவமே கிடையாது, காலியாக விட்டால் ஆன்லைன் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால் எதையும் தொடங்கும் முன் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா அல்லது அம்மா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட், பிளாக்டு அக்கவுண்ட், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதையே எழுத்துக்கு எழுத்து போடுங்கள்.

அங்கே போய் இறங்கிய முதல் நாளே செய்ய வேண்டியதும் ஒரு பெயர் வேலைதான். வீட்டின் தபால் பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே சர்நேம். அந்தப் பெயர் இல்லாவிட்டால் வங்கி கார்டின் பின் நம்பர், இன்சூரன்ஸ் அட்டை, வரி எண் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும், எல்லாமே இங்கே இன்னும் காகிதக் கடிதத்தில்தான் வருகிறது.

எந்த ஊர் நல்ல ஊர்? மியூனிக் போகணும்னு ஆசை.

ஆசைப்படுவதில் தப்பில்லை, வாடகையைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். மியூனிக்கில் ஒரு அறைக்கு 700, 800 யூரோ கேட்பார்கள். கெம்னிட்ஸ், மாக்டெபர்க், இல்மெனாவ் மாதிரி ஊர்களில் 300-க்கே கிடைக்கும். ஆஹன், டிரெஸ்டன், பிரவுன்ஷ்வைக், டார்ம்ஸ்டாட் இவையெல்லாம் எஞ்சினியரிங்குக்குப் பேர்போனவை, டியு9 என்ற ஒன்பது பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் வரிசையில் வருபவை.

பல்கலைக்கழகத்தின் உலகத் தரவரிசையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். செயல்முறைப் படிப்புக்கென்றே இருக்கிற ஹோஹ்ஷூலேக்கள் அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் வருவதில்லை, ஆனால் பக்கத்துத் தொழிற்சாலைகளோடு அவர்களுக்கு நெருக்கம் அதிகம், டிகிரியின் மதிப்பும் ஒன்றுதான். ஆராய்ச்சி, பிஎச்டி என்று யோசிப்பவர்கள் மட்டும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரூம் எப்படிப் புடிக்கிறது?

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் சேவை அமைப்பின் ஹாஸ்டலுக்குப் பதிவு செய்யுங்கள், விசாவுக்குக் காத்திருக்காதீர்கள். பெரிய ஊர்களில் வரிசை பல மாதம் நீளும். வெளியில் தேடினால், ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் போட்டால் சாவி கூரியரில் வரும் என்று சொல்லும் விளம்பரம் எல்லாமே மோசடி. ஒரு காசு அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டு உறுதி செய்யுங்கள்: முகவரிப் பதிவுக்கு ஓனர் கையெழுத்திட்ட தாள் தருவாரா? அது இல்லாமல் நகராட்சியில் பதிய முடியாது, பதியாமல் குடியிருப்பு அனுமதி வேலை நகராது.

என் பொண்ணைத் தனியா அனுப்பலாமாம்மா? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவா?

அனுப்பலாம்மா. இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக டிராமில் வீடு திரும்பும் பெண்கள் இங்கே சாதாரணமான காட்சி. சமைக்க மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள், ஒரு சின்ன பிரஷர் குக்கரும் கொடுத்துவிடுங்கள். ஈழத் தமிழர்கள் 1980-களிலிருந்து இங்கே வாழ்கிறார்கள், அவர்களுடைய கடைகள் பல ஊர்களில் உண்டு, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அங்கே கிடைக்கும். ஹாம் நகரத்தில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-இல் எழும்பிய பெரிய கோபுரக் கோயில், தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள்.

கஷ்டம் சாப்பாட்டில் இல்லை, நவம்பரில் இருக்கிறது. நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பேச ஆள் இருக்காது. அந்த மாதங்களில் தினமும் கூப்பிட்டுப் பேசுங்கள், மார்க் பற்றி மட்டும் கேட்காமல்.

அங்க இனவெறி இருக்குன்னு சொல்றாங்களே?

இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். வெளிநாட்டவர் வருகையை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி 2024 செப்டம்பரில் கிழக்கு ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத் தேர்தலில் முதலிடம் பிடித்தது. மாணவர்களுக்கு அன்றாடம் வருவது பெரும்பாலும் வீடு கிடைக்காமல் போவதும், அலுவலகத்தில் முகம் கொடுக்காமல் பேசுவதும். பல்கலைக்கழக வளாகத்துக்குள் அதிகம் உணர மாட்டீர்கள். அதற்காகக் கிழக்குப் பக்கமே போகாதே என்று நான் சொல்ல மாட்டேன், செலவு குறைவு, நல்ல பேராசிரியர்கள், அங்கே சந்தோஷமாகப் படிக்கிற நம் பிள்ளைகள் நிறையப் பேர். சேரும் முன் அந்த ஊரில் படிப்பவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள்.

அப்பா நிலத்தை அடமானம் வைக்கிறேன்றார். பார்ட் டைம் வேலை பாத்து லோன் கட்டிடலாமா?

பார்ட் டைம் வேலையில் உங்கள் மாதச் செலவை ஓட்டலாம், லோனைக் கட்ட முடியாது. 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. முழுதாக 20 மணி நேரம் கிடைத்தால் வாழ்க்கை ஓடும், ஆனால் முதல் ஆறு மாதம் வேலை கிடைக்கும் என்று நினைக்கவே நினைக்காதீர்கள், மொழி இல்லாவிட்டால் இன்னும் தள்ளும்.

பொதுத்துறை வங்கிகளில் வழக்கமான கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்து ஜாமீன் கேட்பார்கள். அதனால் முதல் வருடப் பணத்தில் ஒரு பகுதியைச் சேமிப்பிலும் மீதியை ஜாமீன் இல்லாத கடனிலும் திரட்ட முடியுமா என்று பாருங்கள். ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டு வருகிறவர்கள் நிறைய, வேலை அனுபவம் பிறகும் உதவும், அந்த ஒன்றிரண்டு வருடத்தில் ஜெர்மனும் படித்துவிடலாம். அப்பா நிலத்தைத் தொடாமல் போக வழி இருக்கும்போது தொடாதீர்கள்.

வயசு 31. லேட்டாயிடுச்சா?

படிப்புக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் அரசு இன்சூரன்ஸின் மாணவர் கட்டணம் 30 வயது வரைதான். அதற்கு மேல் தனியார் காப்பீடு எடுக்க வேண்டிவரும், என்னென்ன நோய்க்குப் பணம் தரமாட்டார்கள் என்பதைப் படித்துவிட்டு எடுங்கள், மேலே சொன்ன 145 யூரோ கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது.

முடிச்சதும் வேலை கிடைக்குமா? கார் கம்பெனிலாம் ஆளைக் குறைக்கிறாங்களே?

குறைக்கிறார்கள்தான். ஃபோக்ஸ்வாகன் மட்டுமே 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. ஆட்டோமோட்டிவ் என்ற ஒரே சொல்லை நம்பிக் கோர்ஸ் எடுக்காதீர்கள். மின்சாரக் கட்டமைப்பு, ரயில்வே, மருத்துவக் கருவிகள் என்று பிரிந்து போக இடம் தரும் பாடங்களாக எடுங்கள்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருவார்கள். படிப்புக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்து பி1 ஜெர்மனும் வைத்திருந்தால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். வேலை கிடைக்க, படிக்கும்போதே கம்பெனியில் வேலைசெய்யும் மாணவராகச் சேர்ந்து, தீசிஸையும் அங்கேயே செய்வதுதான் நான் பார்த்ததில் பலருக்குப் பலித்த வழி.

விசா ரிஜெக்ட் ஆனா அப்பீல் பண்ணலாமா?

முன்பு தூதரகத்துக்கே கட்டணமில்லாமல் மறுபரிசீலனைக் கடிதம் எழுத முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வசதியை உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும். அதனால் முதல் தடவையே காகிதங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். முன்பு படித்ததற்கும் இந்தக் கோர்ஸுக்கும் என்ன தொடர்பு என்பதை நோக்கக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். அட்மிஷனை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைப்பார்களா என்றும் பல்கலைக்கழகத்திடம் உடனே கேளுங்கள், பல இடங்களில் மறுபடி விண்ணப்பிக்கத்தான் சொல்வார்கள்.

ஒரு பேப்பர்ல ரெண்டு தடவ ஃபெயில். மூணாவதும் போச்சுன்னா என்ன ஆகும்?

நம் ஊர் அரியர் மாதிரி இல்லை இது. பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டாயத் தாளுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கும் தொடர முடியாது, மாணவர் அனுமதியும் கேள்விக்குள்ளாகும். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

மூன்றாவது தடவைக்கு இப்போதே பதிவு செய்யாதீர்கள். உங்கள் துறையின் பரீட்சை விதிகளை எடுத்து, எத்தனை நாளுக்கு முன்வரை பதிவை ரத்து செய்யலாம், எழுத்தில் தவறினால் வாய்மொழித் தேர்வு உண்டா, விருப்பப் பாடமாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். பேராசிரியர் திருத்திய உங்கள் தாளை நீங்களே பார்க்க ஒரு நாள் வைப்பார்கள், அதற்குக் கட்டாயம் போய் எங்கே மார்க் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு துறை ஆலோசகரிடம் நேரம் வாங்கிப் பேசுங்கள், மூன்றாவது பரீட்சைக்கு முன்பு போனால் அவர்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது, பிறகு போனால் ஒன்றும் இல்லை.